ஒரு வீதிப் படத்தில் லிங்கனின் இறுதி ஊர்வலம்: அடையாளம் காணும் முறை

பழைய நகர வீதிப் படம் ஒன்றில் மக்கள் திரளும், அணிவகுப்பும், கட்டடங்களில் தொங்கும் கருந்துணிகளும் தெரியலாம். அதை வைத்து அது ஓர் இறுதி ஊர்வலம் என்று ஊகிக்கலாம். ஆனால் யாருடைய ஊர்வலம், எந்த நாளில், எந்தத் தெருவில் என்பதைப் படம் தானாகச் சொல்வதில்லை. படத்தின் பின்னால் எழுதப்பட்ட பெயர்கூடப் பல ஆண்டுகள் கழித்து வேறொருவர் எழுதியதாக இருக்கக்கூடும். எனவே வரலாற்றாளர்கள் இடம், காலம், நிகழ்வு, மனிதர் என்ற நான்கு கேள்விகளையும் தனித்தனியே எழுப்பி, ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்று தேடுகிறார்கள்.

இம்முறையை விளக்கப் பொருத்தமான எடுத்துக்காட்டு, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனின் இறுதி ஊர்வலம் நியூயார்க் நகரின் பிராட்வே வீதி வழியாகச் சென்றபோது எடுக்கப்பட்ட படங்கள். அவற்றுள் ஒன்றில், யூனியன் சதுக்கத்தின் அருகே ஒரு பெரிய வீட்டின் மேல்மாடிச் சாளரத்தில் இரண்டு சிறுவர்கள் தெரிகிறார்கள். அவர்களில் ஒருவர் பிற்காலக் குடியரசுத் தலைவர் தியடோர் ரூசவெல்ட் என்று சொல்லப்படுகிறது. இக்கூற்றில் எது உறுதியானது, எது நம்பத்தக்கது, எது வெறும் வாய்ப்பு என்பதைப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிகழ்வின் பின்னணி

1865 ஏப்ரல் 14 அன்று இரவு வாஷிங்டன் நகரின் ஃபோர்டு நாடக அரங்கில் லிங்கன் சுடப்பட்டார். மறுநாள் காலை அவர் உயிர் பிரிந்தது. ஏப்ரல் 21 அன்று அவரது உடலை ஏற்றிய தொடர்வண்டி வாஷிங்டனிலிருந்து புறப்பட்டது. பால்டிமோர், ஹாரிஸ்பர்க், பிலடெல்பியா, நியூயார்க், ஆல்பனி, பஃபலோ, கிளீவ்லாந்து, கொலம்பஸ், இண்டியானாபொலிஸ், சிகாகோ ஆகிய நகரங்களில் நின்று, சுமார் 1,650 மைல் கடந்து, அவரது சொந்த ஊரான ஸ்பிரிங்ஃபீல்டை அடைந்தது. மே 4 அன்று அங்கு அடக்கம் நடந்தது.

நியூயார்க்கில் மட்டும் இரண்டு ஊர்வலங்கள் நடந்தன. ஏப்ரல் 24 அன்று உடல் ஜெர்சி நகரிலிருந்து படகில் ஆற்றைக் கடந்து டெஸ்புரோசஸ் தெருத் துறைக்கு வந்தது. அங்கிருந்து ஹட்சன் தெரு, கெனால் தெரு, பிராட்வே வழியாக நகர மன்றத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. இரவு முழுவதும் பொதுமக்கள் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினர். ஏப்ரல் 25 அன்று பிற்பகலில் பெரிய ஊர்வலம் நகர மன்றத்திலிருந்து புறப்பட்டது. பிராட்வே வழியாக வடக்கே 14ஆம் தெருவரை சென்று, ஐந்தாம் நிழற்சாலையில் திரும்பி, 34ஆம் தெரு வழியாக மேற்கே ஹட்சன் ஆற்றுத் தொடர்வண்டி நிலையத்தை அடைந்தது. அன்று மாலை வண்டி ஆல்பனிக்குப் புறப்பட்டது.

சவ வண்டியைக் கருந்துணி போர்த்திய 16 சாம்பல் நிறக் குதிரைகள் இழுத்தன. தூண்களும் விதானமும் கொண்ட அந்த வண்டி தரையிலிருந்து சுமார் 15 அடி உயரம் இருந்தது. வழியெங்கும் வீடுகளும் கடைகளும் கருந்துணியால் போர்த்தப்பட்டிருந்தன. ஊர்வலத்தைப் பார்க்கச் சாளர இடங்கள் வாடகைக்குக்கூட விடப்பட்டன. இந்த விவரங்கள் அக்கால நாளிதழ்களிலும் படவார இதழ்களிலும் பதிவாகியுள்ளன. ஒளிப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும் அடிப்படைச் சான்றுகள் இவையே.

முதற்கேள்வி: எந்த இடம்?

அடையாளம் காணும் பணியில் முதலில் கூட்டத்தைப் பார்க்கக் கூடாது. கட்டடங்களையே பார்க்க வேண்டும். கூட்டம் ஒரு நாளில் கலைந்துவிடும். கட்டடம் பல ஆண்டுகள் நிற்கும். அதைப் பற்றிய வரைபடம், வரிப் பதிவேடு, முகவரி நூல் ஆகியவையும் கிடைக்கும்.

பிராட்வே வீதியில் இதற்கு உதவும் குறிகள் பல உள்ளன. அவற்றுள் முக்கியமானது 10ஆம் தெருச் சந்திப்பில் உள்ள கிரேஸ் தேவாலயம். ஜேம்ஸ் ரென்விக் வடிவமைத்து 1846இல் திறக்கப்பட்ட இத்தேவாலயம், பிராட்வே தன் நேர்கோட்டை விட்டு மேற்கு நோக்கி வளையும் இடத்தில் நிற்கிறது. ஆகவே தெற்கிலிருந்து வடக்கு நோக்கி எடுத்த படங்களில் வீதியின் முடிவில் இதன் கூர்கோபுரம் தெரியும். படத்தில் அக்கோபுரம் வீதியின் எதிர்முனையில் நின்றால், படம் பிடித்தவர் 10ஆம் தெருவுக்குத் தெற்கே நின்றார் என்பதும், வடக்கு நோக்கிப் பார்த்தார் என்பதும் ஒரே பார்வையில் விளங்கும்.

யூனியன் சதுக்கத்தின் தென்மேற்கு மூலையில், பிராட்வேயும் 14ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில், செல்வந்தர் கொர்னேலியஸ் வான் ஷாக் ரூசவெல்ட்டின் மாளிகை இருந்தது. இவர் தியடோர் ரூசவெல்ட்டின் தாத்தா. வீட்டின் இருப்பிடமும் உரிமையாளரும் பதிவுகளால் உறுதிப்படுகின்றன. சாளரச் சிறுவர்கள் தெரியும் படத்தில் உள்ள வீடு இதுவே. எனவே அப்படத்தைப் பொறுத்தவரை இடம் பற்றிய கேள்விக்கு உறுதியான விடை இருக்கிறது.

இடம் காணும்போது மற்றொரு எச்சரிக்கையும் வேண்டும். எதிர்மறைத் தகட்டைத் தவறான பக்கம் வைத்து அச்சிட்டால் இடமும் வலமும் மாறிவிடும். கடைப் பலகைகளின் எழுத்துகள் நேராகப் படிக்கக் கிடைக்கின்றனவா என்று முதலில் சோதித்துவிட்டே திசையைப் பற்றிப் பேச வேண்டும்.

இரண்டாம் கேள்வி: எந்தக் காலம்?

காலத்தை அறிய இரு வகைக் குறிகள் பயன்படுகின்றன. ஒரு வகை, "இது இந்த ஆண்டோடு ஒத்துப்போகிறது" என்று மட்டும் சொல்லும். மற்றொரு வகை, "இது இந்த ஆண்டாக இருக்கவே முடியாது" என்று சொல்லும். இரண்டாம் வகைக் குறி ஒன்று, முதல் வகைக் குறிகள் பலவற்றைவிட மதிப்புள்ளது. பிராட்வே படங்களுக்கு உதவும் சில விலக்குக் குறிகள் வருமாறு.

தண்டவாளம்: யூனியன் சதுக்கத்துக்குத் தெற்கே பிராட்வே வீதியில் குதிரை டிராம் பாதை 1885இல்தான் வந்தது. அதுவரை அங்கு குதிரைகள் இழுக்கும் பயணிகள் வண்டிகளே ஓடின. எனவே அப்பகுதிப் படத்தில் வீதியின் நடுவே தண்டவாளம் தெரிந்தால் அது லிங்கன் ஊர்வலம் அல்ல.

லிங்கன் சிலை: சிற்பி ஹென்றி கிர்க் பிரவுன் செய்த லிங்கன் சிலை 1870இல் யூனியன் சதுக்கத்தின் தென்மேற்கு மூலையில் நிறுவப்பட்டது. பிற்காலத்தில் சதுக்கத்தின் உள்ளே வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. அந்த மூலையில் சிலையோடு காணப்படும் ஊர்வலம் எதுவாயினும் லிங்கனுடையதாக இருக்க இயலாது. சிலையில் இருப்பவர் லிங்கன் என்பதாலேயே சிலர் இதைச் சாதகமான சான்றாக எண்ணக்கூடும். உண்மையில் அது நேர்மாறான சான்று.

கோபுரம்: கிரேஸ் தேவாலயத்தின் முதற்கோபுரம் மரத்தால் ஆனது. அதற்குப் பதிலாகப் பளிங்குக் கோபுரம் 1883இல் அமைந்தது. இரண்டின் வேறுபாட்டையும் தெளிவான படத்தில் காணலாம்.

மின்விளக்கு: பிராட்வேயின் ஒரு பகுதியில், யூனியன் சதுக்கத்துக்கு வடக்கே, 1880 டிசம்பரில் மின்வில் விளக்குகள் எரியத் தொடங்கின. அதன்பின் உயரமான விளக்குக் கம்பங்களும் தலைக்கு மேலே கம்பிகளும் பெருகின. 1865இல் வீதி விளக்குகள் வாயு விளக்குகளாகவே இருந்தன.

மரங்கள்: ஏப்ரல் இறுதியில் நியூயார்க்கின் மரங்கள் அப்போதுதான் துளிர்விடும். கிளைகள் அடர்ந்த இலைகளோடு தெரிந்தால் அது கோடைக்காலப் படம்.

நிழல்: பிராட்வேயின் கிழக்குப் பக்கக் கட்டடங்கள் மேற்கு நோக்கியவை. நண்பகலுக்குப் பின்னரே அவற்றின் முகப்பில் நேர்வெயில் விழும். ஏப்ரல் 25 ஊர்வலம் பிற்பகலில் நடந்ததால், கிரேஸ் தேவாலய முகப்பு வெயிலில் ஒளிர்வது நிகழ்வோடு பொருந்தும். அது முழு நிழலில் இருந்து மேற்குப் பக்கக் கட்டடங்கள் ஒளிர்ந்தால், படம் காலையில் எடுக்கப்பட்டது என்று பொருள்.

ஒளிப்படத் தொழில்நுட்பம் தரும் செய்தி

1865இல் பெரும்பாலான ஒளிப்படக் கலைஞர்கள் ஈரத்தட்டு முறையைக் கையாண்டனர். 1851இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட இம்முறையில், கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி உப்பில் தோய்த்து, அது காய்வதற்குள் படம் பிடித்து உருத்துலக்க வேண்டும். எனவே அருகிலேயே இருட்டறை தேவைப்பட்டது. ஊர்வலப் பாதையின் எல்லா இடங்களிலிருந்தும் படம் பிடிப்பது எளிதாக இருக்கவில்லை. தன் படக்கூடத்தின் சாளரத்திலிருந்தோ, அருகில் இருட்டறை அமைத்த மாடியிலிருந்தோ பிடிப்பதே வசதியாக இருந்தது. படம் எந்த உயரத்திலிருந்து, எந்தக் கோணத்தில் எடுக்கப்பட்டது என்பதைக் கணித்து, அவ்விடத்தில் அன்று படக்கூடம் இருந்ததா என்று முகவரி நூலில் தேடுவதற்கு இதுவே காரணம்.

பெரிய தகடுகளுக்குச் சில நொடிகள் ஒளி தேவைப்பட்டது. அந்நேரத்தில் நின்றவர்கள் தெளிவாகவும், நகர்ந்தவர்கள் புகைபோலவும் பதிந்தனர். ஆகவே ஓர் ஊர்வலப் படத்தில் வீதியோரத்து மக்கள் தெளிவாகவும், நடுவீதி மங்கலாகவும் இருப்பது இயல்பு. அந்த மங்கலே நடுவீதியில் ஏதோ நகர்ந்தது என்பதற்குச் சான்று. மாறாக, இரட்டைப் படமாகப் பார்க்கும் ஸ்டீரியோ அட்டைகளுக்கான சிறு தகடுகளில் மிகக் குறைந்த நேரத்தில் படம் பிடிக்க முடிந்தது. நியூயார்க்கின் ஆந்தனி நிறுவனம் 1859 முதலே பிராட்வேயின் ஓடும் வண்டிகளைத் தெளிவாகக் காட்டும் ஸ்டீரியோ படங்களை விற்றது. ஆதலால் "படம் தெளிவாக உள்ளது, எனவே 1865 ஆக இருக்க முடியாது" என்ற வாதம் செல்லாது.

இன்னொரு நுட்பம் துக்கத் துணியைப் பற்றியது. ஈரத்தட்டு நீல ஒளியை மிகுதியாகவும், சிவப்பு, மஞ்சள் ஒளியை மிகக் குறைவாகவும் பதிவு செய்யும். அதனால் சிவப்புத் துணி கறுப்பாகவும், நீலத் துணி வெளிறியும் தெரியும். அமெரிக்கக் கொடியின் சிவப்புக் கோடுகள் கருங்கோடுகளாகப் பதியும். மகிழ்ச்சி விழாவுக்குக் கட்டிய சிவப்புத் தோரணமும் படத்தில் துக்கத் தோரணம் போலவே காணப்படலாம். எனவே நிறத்தை மட்டும் நம்பாமல், துணி கட்டிய முறையைக் கவனிக்க வேண்டும். தூண்களைச் சுற்றிய துணி, சாளரத்தின் மேல் வளைவாகத் தொங்கும் துணி, அரைக்கம்பத்தில் பறக்கும் கொடி ஆகியவை சேர்ந்து தெரிந்தால் மட்டுமே துக்கம் என்ற முடிவு வலுப்பெறும்.

மூன்றாம் கேள்வி: எந்த ஊர்வலம்?

இடமும் காலமும் ஓரளவு தெரிந்த பின், அதே வீதியில் நடந்த பிற நிகழ்வுகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். பலர் செய்யத் தவறும் பணி இதுவே. தமக்குத் தெரிந்த புகழ்பெற்ற நிகழ்வோடு படம் பொருந்துவதைக் கண்டதும் தேடலை நிறுத்திவிடுகிறார்கள். பிராட்வேக்குக் குறைந்தது நான்கு போட்டி நிகழ்வுகளைக் கருத வேண்டும்.

முதலாவது, 1863 பிப்ரவரி 10 அன்று கிரேஸ் தேவாலயத்தில் நடந்த திருமணம். "ஜெனரல் டாம் தம்ப்" என்று அறியப்பட்ட குள்ள உருவக் கலைஞர் சார்லஸ் ஸ்டிராட்டன், லவீனியா வாரனை மணந்த அந்நாளில் தேவாலயத்தின் முன் பெருங்கூட்டம் கூடியது. தேவாலயத்தின் முன் கூட்டம் என்ற ஒரே குறியை நம்பினால், ஒரு திருமணக் கூட்டத்தையே இறுதி ஊர்வலமாகக் கொள்ளும் ஆபத்து உண்டு.

இரண்டாவது, 1865 மார்ச் 6 அன்று உள்நாட்டுப் போர் வெற்றிகளைக் கொண்டாடி நியூயார்க்கில் நடந்த பெரிய அணிவகுப்பு. லிங்கன் ஊர்வலத்துக்கு அது 50 நாள்கள்தாம் முந்தையது. அதே கட்டடங்கள், அதே கடைப் பலகைகள், அதே படைச் சீருடைகள். இங்கே வேறுபடுத்தும் குறி துக்கத் துணியும் கொடியின் நிலையுமே.

மூன்றாவது, 1865 ஏப்ரல் 24இன் முதல் ஊர்வலம். துக்கத் துணி அன்றும் இருந்தது. ஆனால் அவ்வூர்வலம் கெனால் தெருவிலிருந்து பிராட்வே வழியாகத் தெற்கே வந்தது. 25ஆம் தேதி ஊர்வலம் வடக்கே சென்றது. கெனால் தெருவுக்கு வடக்கே, பிராட்வேயில் எடுக்கப்பட்ட ஊர்வலப் படம் 24ஆம் தேதிக்கு உரியதாக இருக்காது. தெற்கே எடுக்கப்பட்டதாக இருந்தால் நடப்பவர்களின் திசையைப் பார்த்தே நாளைத் தீர்மானிக்க முடியும்.

நான்காவது, முன்னாள் குடியரசுத் தலைவர் யூலிசிஸ் கிராண்டின் இறுதி ஊர்வலம். 1885 ஆகஸ்ட் 8 அன்று நடந்த அவ்வூர்வலமும் நகர மன்றத்திலிருந்து புறப்பட்டு, பிராட்வே வழியாகச் சென்று, 14ஆம் தெருவில் திரும்பியது. வீதிகளில் கருந்துணிகளும் படை அணிவகுப்பும் இருந்தன. பெயரெழுதாத படங்களில் இவ்விரண்டும் குழம்புவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. ஆனால் கிராண்டின் வண்டியை இழுத்தவை 24 கறுப்புக் குதிரைகள். மேலும் தண்டவாளம், பளிங்குக் கோபுரம், லிங்கன் சிலை, ஆகஸ்ட் மாத இலைச் செறிவு ஆகிய அனைத்தும் அந்தக் காலத்தைக் காட்டிக்கொடுக்கும்.

யூனியன் சதுக்கப் படத்தில் உள்ள ஊர்வலம் இச்சோதனைகளைக் கடந்து நிற்பதால், அது 1865 ஏப்ரல் 25இன் ஊர்வலம் என்பது பரவலாக ஏற்கப்பட்டுள்ளது.

நான்காம் கேள்வி: சாளரத்தில் இருப்பவர்கள் யார்?

இவ்விடத்தில் சான்றின் தன்மையே மாறுகிறது. சாளரத்தில் தெரியும் இரு உருவங்களும் மிகச் சிறியவை. முகத்தைக் கொண்டு ஆளை அறிய இயலாது. அவர்கள் தியடோர் ரூசவெல்ட்டும் அவர் தம்பி எலியட்டும் என்ற கருத்தை முன்வைத்தவர் ஸ்டீபன் லோரண்ட். ஹங்கேரியில் பிறந்த இவர் பட இதழியலின் முன்னோடிகளில் ஒருவர். லண்டனில் "பிக்சர் போஸ்ட்" இதழைத் தொடங்கியவர். லிங்கனைப் பற்றிய பட நூலுக்காகத் தகவல் திரட்டியபோது அந்த வீடு ரூசவெல்ட்டின் தாத்தாவுடையது என்பதை அறிந்த அவர், தியடோரின் மனைவி ஈடித்திடம் படத்தைக் காட்டினார்.

ஈடித் சிறுமியாக இருந்தபோதே ரூசவெல்ட் குடும்பத்தோடு பழகியவர். ஊர்வலத்தைக் காண அன்று அந்த வீட்டுக்குத் தாமும் அழைத்துச் செல்லப்பட்டதாக அவர் நினைவுகூர்ந்தார். கருந்துணிகளைக் கண்டு பயந்து தாம் அழுததாகவும், அது பிடிக்காத சிறுவர்கள் இருவரும் தம்மைப் பின்னறையில் அடைத்துவிட்டதாகவும், அதனால் ஊர்வலத்தையே தாம் பார்க்கவில்லை என்றும் கூறினார். லோரண்ட் இதை 1955இல் "அமெரிக்கன் ஹெரிடேஜ்" இதழில் எழுதினார். அதற்கு முன்பே, 1948இல், ஈடித் காலமாகியிருந்தார்.

இச்சாட்சியத்தை எப்படி மதிப்பிடுவது? அதன் வலிமை தெளிவானது. அன்று அந்த வீட்டில் இருந்த ஒருவரின் வாய்மொழி அது. தம் கணவருக்குப் பெருமை சேர்க்கும் கதையாக இல்லாமல், சிறுவர்களின் குறும்பைச் சொல்லும் கதையாக இருப்பது அதன் நம்பகத்தன்மையைக் கூட்டுகிறது. வயதுகளும் பொருந்துகின்றன. 1858 அக்டோபரில் பிறந்த தியடோருக்கு அப்போது 6 வயது. 1860 பிப்ரவரியில் பிறந்த எலியட்டுக்கு 5 வயது.

அதன் வலுவின்மையும் கவனத்துக்குரியது. 1861 ஆகஸ்டில் பிறந்த ஈடித்துக்கு அப்போது 4 வயதுகூட நிறையவில்லை. சுமார் 80 ஆண்டுகள் கழிந்த நினைவு அது. படத்தைக் காட்டி, இவர் உங்கள் கணவரா என்று கேட்கும்போது, கேள்வியே விடையை நோக்கி இழுக்கும் வாய்ப்பு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, தாம் பின்னறையில் அடைபட்டிருந்ததாக அவரே சொல்கிறார். அப்படியானால், ஊர்வலம் சென்ற அந்த நேரத்தில் சாளரத்தில் நின்றவர்களை அவர் கண்டிருக்க முடியாது. சகோதரர்கள் இருவரும் அன்று வீட்டில் இருந்தார்கள் என்பதற்குத்தான் அவர் சாட்சி. குறிப்பிட்ட சாளரத்தில், குறிப்பிட்ட நொடியில் நின்றார்கள் என்பதற்கு அல்ல. அது ஓர் ஊகம். ஆனால் நியாயமான ஊகம்.

இக்கதை இவ்வளவு பரவியதற்குக் காரணம் அதன் ஈர்ப்பு. ஒரு தலைவரின் இறுதிப் பயணத்தைப் பிற்காலத் தலைவர் சிறுவனாக நின்று பார்க்கும் காட்சி யாரையும் கவரும். ரூசவெல்ட் லிங்கனைப் போற்றியவர். 1905 பதவியேற்பின்போது லிங்கனின் தலைமுடி பதித்த மோதிரத்தை அணிந்தார். ஆனால் அந்தப் பற்று சாளரத்தில் நின்றவர் அவரே என்பதற்குச் சான்றாகாது. கதை எவ்வளவுக்கு அழகாக உள்ளதோ அவ்வளவுக்கு அதைக் கவனமாகச் சோதிக்க வேண்டும்.

பிராடி தொகுப்பின் இரு படங்கள்

2014இல் இதே ஊர்வலம் பற்றிய மற்றொரு கருத்து வெளியானது. புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் மேத்யூ பிராடியின் தொகுப்பிலிருந்து அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள இரு படங்கள், தேவாலயத்தின் முன் ஒரு காட்சி என்ற பொதுவான குறிப்போடு மட்டும் பட்டியலிடப்பட்டிருந்தன. இணையத்தில் வெளியிடப்பட்ட அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்த, ஓய்வு பெற்ற கணக்காளர் ஒருவர், அந்தத் தேவாலயம் கிரேஸ் தேவாலயம் என்றும், நிகழ்வு லிங்கனின் ஊர்வலம் என்றும் முன்மொழிந்தார்.

இங்கும் அதே நான்கு கேள்விகள் பயன்படுகின்றன. தேவாலயத்தின் கட்டட அமைப்பு இடத்தைத் தருகிறது. பிராடியின் படக்கூடம் 10ஆம் தெருச் சந்திப்பில், தேவாலயத்துக்கு எதிரே இருந்தது. படத்தின் உயரமும் கோணமும் அதனோடு பொருந்துகின்றன. வீதியோரத்தில் மக்கள் நெருங்கி நிற்க, நடுவே மங்கலான அசைவு தெரிவது ஈரத்தட்டின் இயல்புக்கு ஒத்தது. ஆனால் சவ வண்டி என்று கருதப்படும் பகுதியும் அந்த மங்கலுக்குள்தான் இருக்கிறது. எனவே இடம் உறுதி, நிகழ்வு மிகவும் வாய்ப்புள்ளது, வண்டி பற்றிய கூற்று அதைவிட ஒரு படி கீழே என்று வரிசைப்படுத்துவதே நேர்மையான மதிப்பீடு.

படம் வந்த வழி

படத்தின் உள்ளே இருக்கும் குறிகளைப் போலவே, படம் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற வரலாறும் முக்கியம். இதற்கும் இதே ஊர்வலத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1865 ஏப்ரல் 24 அன்று நகர மன்றத்தில் லிங்கனின் உடலை ஜெரமையா கர்னி என்பவர் படம் பிடித்தார். இதை அறிந்து சினமுற்ற போர்த்துறைச் செயலர் எட்வின் ஸ்டான்டன், தகடுகளை அழிக்கும்படி ஆணையிட்டார். ஆனால் ஒரு படி அவரிடமே தங்கியது. பின்னர் அவர் மகன் அதை லிங்கனின் முன்னாள் செயலாளர் ஜான் நிக்கொலேயிடம் அனுப்பினார். 1952இல் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஆவணங்களுக்கிடையே அதைக் கண்டெடுத்தவர் 14 வயது மாணவர் ஒருவர். படத்தோடு இருந்த கடிதமே அதன் வரலாற்றை விளக்கியது. அக்கடிதத்தைப் பிரித்து வேறிடத்தில் வைத்திருந்தால், அதே படம் இன்று பெயரற்றுப் போயிருக்கும். படத்தைக் கண்டெடுப்பவர்கள் உறை, அட்டை, பின்குறிப்பு, உடனிருந்த தாள்கள் எதையும் பிரிக்கக் கூடாது என்று ஆவணக் காப்பாளர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

படத்தில் காணாதவர்கள்

அடையாளம் காணல் சரியாக முடிந்த பின்னரும், படம் முழு நிகழ்வையும் காட்டுகிறது என்று எண்ணுவது தவறு. ஊர்வலம் கடந்து செல்லப் பல மணி நேரம் ஆனது. படம் அதில் சில நொடிகள். அடிமை முறையை ஒழிக்கும் பிரகடனத்தை வெளியிட்ட லிங்கனின் ஊர்வலத்தில் கறுப்பின மக்கள் நடப்பதற்கு நியூயார்க் நகர அவை முதலில் இடம் தர மறுத்தது. வாஷிங்டனிலிருந்து போர்த்துறை தலையிட்ட பின்னரே அவர்கள் அனுமதிக்கப்பட்டனர். காவலர் துணையோடு, ஊர்வலத்தின் கடைசிப் பகுதியில் அவர்கள் நடந்தனர்.

ஊர்வலத்தின் முற்பகுதியைக் காட்டும் ஒரு படத்தை மட்டும் கண்டவர், கறுப்பின மக்கள் அதில் பங்குபெறவே இல்லை என்று முடிவு செய்யக்கூடும். படத்தில் இல்லாதது நிகழ்வில் இல்லாதது ஆகாது. பெயர் தெரிந்த வீட்டின் சாளரத்தில் நின்ற இரு சிறுவர்களைப் பற்றி இவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது. அதே வீதியில் நடக்க உரிமை கேட்டுப் பெற்றவர்களைப் பற்றி அறியப் படத்தை விட்டு எழுத்து ஆவணங்களுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.

குறிப்பு எழுதும் முறை

பழைய படம் ஒன்றுக்கு விளக்கக் குறிப்பு எழுதும் மாணவர், ஒவ்வொரு கூற்றுக்கும் அதற்குரிய உறுதியின் அளவைச் சேர்த்து எழுதுவது நல்லது. யூனியன் சதுக்கப் படத்துக்கு அத்தகைய குறிப்பு பின்வருமாறு அமையலாம்:

"நியூயார்க், பிராட்வே, 14ஆம் தெரு அருகே. இடப்பக்கம் கொர்னேலியஸ் ரூசவெல்ட்டின் வீடு. 1865 ஏப்ரல் 25 அன்று நடந்த ஆபிரகாம் லிங்கனின் இறுதி ஊர்வலம். மேல்மாடிச் சாளரத்தில் தெரியும் சிறுவர்கள் தியடோர், எலியட் ரூசவெல்ட்டாக இருக்கலாம். இது ஈடித் ரூசவெல்ட்டின் பிற்கால நினைவை அடிப்படையாகக் கொண்ட கருத்து."

இக்குறிப்பில் "இருக்கலாம்" என்ற ஒரு சொல்லை நீக்கிவிட்டால் வாசிப்பதற்கு இன்னும் சுவையாக இருக்கும். ஆனால் அடுத்து வரும் ஆய்வாளர் எதைச் சோதிக்க வேண்டும் என்பதை அச்சொல்தான் சொல்கிறது.